ஜெர்மன் காரா, பிறீமியோவா என்று கேட்ட மச்சானுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

மூன்று கிழமையாக எங்கள் வீட்டில் ஒரே கதைதான். மனைவியின் நானா புத்தளத்தில் இருந்த காணித்துண்டை விற்றுவிட்டார். 1990இல் இடம்பெயர்ந்து போன பிறகு மாமா உப்பளத்தில் கூலிவேலை செய்து, சீட்டுப்பிடித்து வாங்கிய காணி அது. அந்தக் காசில் ஒரு பகுதி மகளின் கல்யாணத்துக்கு, மிச்சம் ஒரு காருக்கு என்பது மச்சானின் திட்டம். இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 2012ஆம் ஆண்டு ஜெர்மன் பெற்றோல் கார். தோல் ஆசனம், திறக்கிற கூரை, கதவைச் சாத்தினால் வங்கியின் பெட்டகம் மூடுகிற மாதிரி ஒரு சத்தம். மற்றது 2015ஆம் ஆண்டு பிறீமியோ. வேடிக்கை என்னவென்றால், இரண்டில் பிறீமியோவுக்குத்தான் விலை கூட.

"நீ வாத்தி. கணக்குப் போட்டுச் சொல்லு மச்சான். குறைந்த விலைக்கு அவ்வளவு பெரிய கார் கிடைக்கும்போது நான் ஏன் கூடக் குடுத்து ரொயோட்டா எடுக்கவேணும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து வரும் எங்கள் ஊர்க்காரரும் இதைத்தான் கேட்பார்கள். பிறீமியோ என்ற பெயரே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஜப்பானுக்கு வெளியே ரொயோட்டா அதைப் புதிதாக விற்கவே இல்லை. 2001 முடிவில் வந்து, 2007இல் இரண்டாம் வடிவம் எடுத்து, 2021 மார்ச்சில் உற்பத்தி நின்றுபோன கார். ஜப்பானில் அது ஓய்வூதியம் எடுக்கும் வயதுள்ளவர்கள் ஓட்டிய சாதாரணக் கார். அந்த நாட்டுச் சிறிய கார் வகுப்புக்குள் அடங்கவேண்டும் என்று அகலத்தை 1695 மில்லிமீற்றரோடு நிறுத்தினார்கள். டாக்காவிலும் நைரோபியிலும் கொழும்பிலும்தான் அது கனவான்களின் காராக மாறியது.

இங்கே மாறியதற்குக் காரணம் சுங்கம். எங்கள் நாட்டில் பெற்றோல் காரின் வரி எஞ்சின் சீ.சீ. அளவைப் பார்த்துப் போடப்படுகிறது. பிறீமியோ 1500 சீ.சீ.க்குள் அடங்கியது. அந்த வரித்தட்டுக்குள் மரநிறப் பலகை பதித்த டாஷ்போர்டும் வெல்வெற் ஆசனமும் விசாலமான பின்சீற்றும் கிடைத்தால் யார் விடுவார்கள்? டொக்டர்மாரும் கடை முதலாளிமாரும் எடுத்தார்கள். பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. ஓடிய பழைய பிறீமியோவே கோடியைத் தாண்டி விலை பேசப்பட்டது. தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரி முதலாம் திகதி திரும்பத் திறந்தபோது பிறீமியோ ஜப்பானிலேயே இல்லை. இருப்பதைத்தான் கைமாற்றிக் கைமாற்றி விற்கிறார்கள்.

விலை ஏறிய கதை அது. ஆனால் மச்சான் கேட்டது அந்த விலையைக் கொடுக்கலாமா என்று. அதற்குப் பதில் யாழ்ப்பாணத்தின் பழைய கராஜ்களில் இருக்கிறது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் ஓடிய கார்களை நான் கண்ணால் காணவில்லை. அந்த வருடங்களில் நாங்கள் புத்தளத்தில். ஆனால் எங்கள் பாடசாலையில் ஓய்வுபெற இருக்கும் ஒரு சேர் அதைச் சொல்லத் தொடங்கினால் இடைவேளை மணி அடித்தாலும் நிற்கமாட்டார். ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப்பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் கார்புரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். பின்னால் வெண்புகை. அந்தக் கார்களின் அமுக்க விகிதம் குறைவு, அதனால் மட்டமான எரிபொருளையும் தாங்கின. திறந்து பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, லேத் பட்டறையில் கடைந்து போட முடிந்தது. அதே ஊரில் அவற்றைவிட நல்ல, புதிய, விலை கூடிய கார்களும் இருந்தன. அவை தடுப்புக்கல்லில் ஏறி நின்றன.

போர் முடிந்த பிறகும் அந்த ஏ40கள் யாழ் நகரில் வாடகைக்கு நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றை யாரும் பெருமைக்காக வைத்திருக்கவில்லை. பழுதுபார்க்க ஊரிலேயே ஆள் இருந்தார்.

இப்போது என் நண்பர் ஒருவரின் கதை. பெயரும் காரின் பெயரும் வேண்டாம். அவரும் இதே மாதிரி, பிறீமியோவைவிட மலிவாக வந்தது என்று ஓர் ஐரோப்பிய கார் எடுத்தார். முதல் ஆறு மாதம் ராசா மாதிரி இருந்தார். கொழும்புக்குப் போய்வந்தால் களைப்பே இல்லை என்பார், அது உண்மைதான். ஒருநாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் கார் ஒருபக்கம் முழந்தாளிட்ட ஒட்டகம் மாதிரிச் சரிந்து கிடக்கிறது. காற்றுப்பை வைத்த சஸ்பென்சன். பையில் வெடிப்பு. அது கசியக்கசியக் காற்று நிரப்பும் பம்பும் ஓடி ஓடிச் செத்துவிட்டது. ஊர்க் கராஜ்காரர் நல்ல கெட்டிக்காரர். ஆனால் அவரிடம் அந்தக் காரின் கணினியோடு பேசும் கருவி இல்லை. லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஏற்றுக்கூலி, பொருட்கள், கூலி எல்லாம் சேர்த்து ஏழு இலட்சத்துக்கு மேல். இரண்டு மாதம் கார் இல்லை. அந்த இரண்டு மாதமும் மனைவியைக் கிளினிக்குக்கு ஓட்டோவில்தான் கொண்டுபோனார்.

அந்தக் கார் மோசமான கார் அல்ல. புதிதாக இருந்தபோது அதற்கென்று கொம்பனி இருந்தது, உத்தரவாதம் இருந்தது, முதல் சொந்தக்காரருக்கு அதைப் பராமரிக்க வருமானம் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு காரின் விலை கால்வாசியாகக் குறையலாம், அதன் உதிரிப்பாகத்தின் விலை குறையாது. இதைத்தான் மச்சானுக்குத் திரும்பத்திரும்பச் சொன்னேன். நீங்கள் வாங்குவது பழைய காரின் விலைக்கு, பராமரிப்பதோ புதிய காரின் விலைக்கு. அந்தக் காருக்கு 95 ஒக்ரேன் பெற்றோல் வேறு வேண்டும், அது எல்லா செட்டிலும் கிடைப்பதில்லை. 2022இல் லீற்றர் 470 ரூபாவுக்கு வந்ததையும், கியூ.ஆர். காட்டி கிழமைக்கு 20 லீற்றர் எடுத்ததையும் மறந்துவிட்டோமா?

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். மோதினால் எந்தக் காருக்குள் இருக்க விரும்புவாய் என்று மச்சான் கேட்டார். ஜெர்மன் கார் என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல முடியாது. அதன் பாரமும், சாலையைப் பிடிக்கும் விதமும் வேறு தரம். அடிக்கடி ஏ9இல் கொழும்புக்கு ஓடுபவர், வருடத்துக்குச் சில இலட்சம் ஒதுக்கக்கூடியவர் அதை எடுத்தால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மச்சானின் ஓட்டம் காங்கேசன்துறையில் இருந்து தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் தாண்டி யாழ்ப்பாணக் கடைக்கு. இருபது கிலோமீற்றர்கூட வராது. ஊர்மனைக்குள் வேக எல்லையே 50. போதாததற்கு இரவில் கார் நிற்பது கடற்காற்றில். எங்கள் வீட்டு யன்னல் கம்பியைப் பாருங்கள், அந்தக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை.

அப்போ பிறீமியோதானே என்று முடித்துவிடலாம். நான் முடிக்கவில்லை. மச்சானுக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஜெர்மன் பெயருக்குக் காசு கொடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிற நாங்கள், பிறீமியோ என்ற பெயருக்கு என்ன செய்கிறோம்? அல்லியன் என்று ஒரு கார் இருக்கிறது. அதே வருடத்தில் வந்தது, அதே வருடத்தில் நின்றது. அதே அடித்தளம், அதே 1500 எஞ்சின், அதே கியர்பெட்டி. கராஜில் 260 என்று சொன்னால் எந்தக் கார் என்று இரண்டாம் தரம் கேட்டுத்தான் தெரியவேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் அதுதான் இலக்கம். வித்தியாசம் முகத்தில் உள்ள குரோம் கிறில், பின்விளக்கு, உள்ளே சில அலங்காரம். அதற்காகப் பல இலட்சம் கூடக் கேட்கிறார்கள், கொடுக்கவும் ஆள் இருக்கிறது. காரணம் கேட்டால் "பிறீமியோ பிறீமியோதான்" என்பார்கள். தரம் 9 பிள்ளைகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கார் சின்னங்கள் கீறி வைத்திருப்பார்கள். நாங்கள் வளர்ந்தும் அதையே செய்கிறோம்.

பெயர் எப்படி உண்டாகிறது என்பதற்கு ரொயோட்டாவையே பார்க்கலாம். 1957இல் அவர்கள் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டு நெடுஞ்சாலை வேகத்துக்கு எஞ்சின் போதவில்லை, ஏற்றத்தில் சூடாகியது. சில வருடத்திலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 1989இல் லெக்ஸஸ் என்ற புதுப் பெயரில் எல்.எஸ். 400 வந்தபோது அதன் ஆரம்ப விலை 35,000 டொலர். அதோடு ஒப்பிடப்பட்ட ஜெர்மன் கார்கள் அதைவிட எவ்வளவோ கூட. சில மாதத்தில் இரண்டு வாடிக்கையாளர் முறைப்பாடு. உடனே விற்ற 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். வீட்டுக்கே வந்து காரை எடுத்துப்போய், திருத்தி, கழுவி, தாங்கி நிறையப் பெற்றோல் விட்டுக் கொடுத்தார்கள். மூன்று கிழமைக்குள் வேலை முடிந்தது. அந்தப் பெயர் நின்றது அங்கேதான். சின்னம் பிறகு வந்தது.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மச்சானின் மகன் சீன மின்சாரக் கார் எடுக்கலாம் என்கிறான். பி.வை.டி. இலங்கைக்கு வந்த நாளில் இருந்து இளம்பிள்ளைகள் வாயில் அதுதான். சீனாவா என்று மச்சான் முகத்தைச் சுளித்தார். ஒருகாலத்தில் ஜப்பானா என்று சுளித்த முகங்களை நினைத்துக்கொண்டேன். குடாநாட்டின் தூரங்களுக்கு மின்சாரக் கார் நன்றாகப் பொருந்தும், கூரையில் சூரியத்தகடு போட்டவர்களுக்கு இன்னும் பொருந்தும். ஆனால் புதுக்கார் என்றால் காணிக் காசு போதாது. மிச்சத்துக்கு லீசிங் எடுக்கவேணும், அந்த வட்டிக்குள் நான் என் மச்சானைப் போக விடமாட்டேன். கையிருப்புக் காசில் எடுக்க முடிந்தவர்கள் பாருங்கள். எடுக்கமுதல் பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம், யாழ்ப்பாணத்தில் யார் கை வைப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியில் மச்சான் உண்மையைச் சொன்னார். "மாப்பிள்ளை வீட்டுக்காரர் வரும்போது வாசலில் என்ன நிற்குது என்று பார்ப்பாங்கள்."

எனக்குக் கொஞ்சநேரம் பேச்சு வரவில்லை. மூன்று கிழமையாக நான் சீ.சீ.யும் ஒக்ரேனும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் பேசியது வேறு. அகதியாகப் போய்த் திரும்பி வந்த குடும்பம், எங்களுக்கும் ஒரு நிலை இருக்கிறது என்று காட்டவேண்டும் என்ற அந்த ஆசையை நான் பரிகசிக்கமாட்டேன். எனக்கும் அது இருக்கிறது. ஆனால் மாமா உப்பில் கால் வெடிக்க நின்று வாங்கிய நிலம் ஒரு கிறிலாகவும் நாலு வளையமாகவும் நட்சத்திரமாகவும் மாறி வாசலில் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. வாசலில் நிற்கும் காரைப் பார்த்துப் பெண் எடுக்கும் வீடு, நாளைக்கு அந்தக் காரையே கேட்கும். இதைச் சொன்னதும் தங்கச்சி, மச்சானின் மனைவி, குசினிக்குள் இருந்து "அதைச் சொல்லுங்கோ" என்று குரல் கொடுத்தா. வீட்டில் இருந்த ஒரே உருப்படியான தீர்ப்பு அதுதான்.

மிச்சக் காசில் மருமகளின் பெயரில் ஏதாவது எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார். ஜெர்மன் காரின் சொந்தக்காரருக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பிறீமியோக்காரர் இன்னும் விலை குறைக்கவில்லை.

சனிக்கிழமை கோண்டாவில் பக்கம் ஓர் அல்லியன் பார்க்கப் போகிறோம். கராஜ்காரரையும் கூட்டிக்கொண்டுதான். உங்களில் யாருக்காவது 2012க்குப் பிந்திய 260 அல்லியன் விற்கும் யோசனை இருந்தால், கடற்கரையில் நிற்காத வண்டியாக, சேர்விஸ் புத்தகத்தோடு, இன்பொக்ஸில் சொல்லுங்கள். தரகர்மார் தயவுசெய்து வேண்டாம். வெள்ளை நிறம் என்றால் மச்சானுக்கு இன்னும் சந்தோசம்.