மருவைப் பிடுங்கி எறிய வேண்டாம்

பெங்களூரில் கனகாம்பரச் சரம் வாங்கும் பெண்கள், இடையிடையே மரு வைத்துக் கட்டியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குகிறார்கள். அந்த வாசனையின் மேல் அத்தனை பிரியம். ஆனால் வீட்டுத் தொட்டியில் அதே செடிக்குக் கிடைக்கும் மரியாதை ஒரு பருவத்தைத் தாண்டுவதில்லை. சற்றுக் காய்ந்தாற்போல் தெரிந்தால் போதும், "இதற்கு ஆயுள் இவ்வளவுதான்" என்று பிடுங்கிவிட்டு, ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சி பார்த்த உற்சாகத்தில் பெட்டூனியா நாற்று வாங்கி வைக்கிறார்கள். வெயில் ஏறியதும் அது போய்விடும். மருவோ பல ஆண்டுச் செடி!

இந்தக் குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். மருக்கொழுந்து என்று தமிழில் பெரும்பாலும் சொல்வது தவனத்தை. அது சாமந்திக் குடும்பம். குளிர்காலத் தொடக்கத்தில் விதைத்தால் பங்குனிக்குள் ஆயுள் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் மார்ஜோரம் எனப்படும் மருவோ துளசி, புதினாவின் குடும்பம். தவனத்தின் இலை இறகுபோல் பிளவுபட்டிருக்கும். மருவின் இலை சிறு முட்டை வடிவம், சாம்பல் பூத்த பச்சை. கன்னடத்தில் இந்தத் தகராறே இல்லை. மருகா வேறு, தவனா வேறு. நாற்று வாங்கப் போகிறவர்கள் கன்னடப் பெயரைச் சொல்லிக் கேட்பதே உத்தமம்.

மேல்நாட்டுத் தோட்ட நூல்கள் பல இதை ஓராண்டுச் செடியாகவே நடச் சொல்வதும் உண்மைதான். அங்கே உறைபனி அதைக் கொன்றுவிடுகிறது. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ்தான், அதுவும் 1884-ல்.

இங்கே அதைக் கொல்வது தண்ணீர். துளசிக்கு ஊற்றுகிற கையோடு இதற்கும் தினம் ஒரு செம்பு ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்? மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். செம்மண்ணில் மணலைத் தாராளமாகக் கலந்து, தொட்டியின் அடித்துளை அடைபடாமல் ஓட்டுச்சில் போட்டு, நல்ல வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டும். செப்டம்பர் மழைக்கு மட்டும் கூரையடிக்கு நகர்த்துவது நல்லது. மொட்டு முடிச்சு முடிச்சாகத் தெரியும்போதே நுனிகளைக் கிள்ளிவிட்டால் செடி அடர்ந்து நிற்கும். பூவோடு வைத்துக் கட்டவும் ஆயிற்று. இலையில்லாத அடிக்கட்டை வரை வெட்டினால் துளிர்க்காமலே போகலாம்.

சில வருடங்களில் நடுப்பகுதி கட்டை தட்டிப்போகும். பிடுங்குவதற்கு அது காரணமல்ல. ஓரத்துக் கிளை ஒன்றை வளைத்து மண்ணில் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். பிறகு அறுத்து வேறு தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். வாடகை வீடு மாறுகிறவர்கள்கூட இப்படி ஒரு பதியனைக் கையோடு எடுத்துப் போகலாம்.