யார் வைத்த வயது வரம்பு?

ஓய்வுபெற்ற ஒருவர், பைத்தான் நிரல்மொழி கற்கப் போவதாக வீட்டில் சொல்லிப் பார்க்கட்டும். “இந்த வயசுல எதுக்குப்பா? பேசாம வாக்கிங் போங்க” என்பான் மகன். ஐம்பதைத் தாண்டிய மூளையில் கோடிங் ஏறாது என்பதில் ஊரில் யாருக்கும் ஐயமில்லை. நாற்பது வயதுக்காரரை ஐடி நிறுவனங்கள் சுமையாகப் பார்ப்பதைக் கண்டு கண்டு ஊறிப்போன எண்ணம் இது. நிறுவனம் பார்ப்பது சம்பளக் கணக்கு. அதை மூளையின் கணக்காக்கியது யார்?

ஜப்பானின் மசாகோ வாகாமியா 1935இல் பிறந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கி வேலை. ஓய்வுபெறும் தறுவாயில்தான் கணினி வாங்கினார். ஸ்மார்ட்போன் விளையாட்டுகளில் இளசுகளின் விரல் வேகத்துக்கு முதியோரால் ஈடுகொடுக்க முடியவில்லையே என்பது அவருடைய குறை. முதியோருக்கென்று ஒன்று செய்து தரக் கேட்டும் எவரும் அசையவில்லை. அவரே ஸ்விஃப்ட் நிரல்மொழியைக் கற்று, 2017 பிப்ரவரியில், 81 வயதில், ‘ஹினாதான்’ செயலியை வெளியிட்டார். அதே ஆண்டு ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் நிரலாளர் மாநாட்டுக்கு அவரை அழைத்தது.

மார்ச் 3, ஜப்பானில் பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். நம் கொலுவைப் போலப் படி கட்டி, அரசர், அரசி, பணிப்பெண்கள், இசைக் கலைஞர்கள் என்று அவரவர் இடத்தில் வைப்பார்கள். செயலியிலும் அதே அடுக்குதான் விளையாட்டு: 12 பொம்மைகள், நான்கு படிகள். பொம்மையைத் தொட்டு, இடத்தைத் தொட்டால் போதும். திரையில் விரலை இழுக்க வேண்டியதில்லை. இழுப்பது முதிய விரல்களுக்குச் சிரமம் என்பது இருபத்தைந்து வயது நிரலாளருக்கு எளிதில் தோன்றியிருக்காது.

வங்கியில் இருந்தவர்களுக்குக் கூடுதல் தகுதியும் உண்டு. நாள் முடிவில் பத்து ரூபாய் உதைத்தால், டேலி ஆகும்வரை லெட்ஜரைப் புரட்டியவர்கள் அவர்கள். நிரலில் பிழை தேடுவதற்கு வேண்டிய பொறுமையும் சந்தேகப் புத்தியும் அதேதான்.

புதியது மனதில் பதிய நாளாகும், கண் சீக்கிரம் களைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பொழுதுபோக்குக்கு ஏது டெட்லைன்? “ஏஐயே எழுதித் தருமே” என்பாரும் உண்டு. தரட்டும். தானே எழுதி ஓடவைத்துப் பார்க்கும் சுகத்துக்காக உட்கார்பவருக்கு அது ஒரு பதிலா?

கற்பவர் தடுமாறினால் உடனே வயதின் மேல் பழி போடுகிறோம். சி மொழிக்கான புகழ்பெற்ற நூலை டென்னிஸ் ரிச்சியுடன் சேர்ந்து எழுதியவர் பிரையன் கெர்னிகன். 1970களில் தானும் சேர்ந்து உருவாக்கிய ‘ஆக்’ என்னும் உரை அலசும் நிரலுக்கு 2022இல், 80 வயதில், பல மொழி எழுத்துகளைக் கையாளும் யூனிகோடு வசதியைச் சேர்த்தார். கூடவே, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவி இன்னும் தனக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்றும் கூச்சமில்லாமல் எழுதினார். கிட்டைக் கண்டு முழிக்கும் இளைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களை யாரும் கிழவர் என்பதில்லை.

கெர்னிகன் செய்த வேலையில் தமிழுக்கும் பங்குண்டு. அவருடைய ஆக் அதுவரை பைட்டுகளைத்தான் எண்ணியது: ‘அம்மா’வின் நீளம் கேட்டால் 15 என்றது. இப்போது 5 என்கிறது. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. தமிழ் வாத்தியாரின் கணக்குப்படி 3 வர வேண்டும். அதற்குச் சில வரி நிரல் போதும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் யாராவது இந்த வாரம் உட்கார்ந்து பார்க்கலாம்.