துருக்கிப் பெயர் சூட்டினால் தீன் ஆகிவிடுமா?

ரமலான் பிறந்துவிட்டால் நம் ஊர் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் துருக்கியும் அரபு நாடும் வந்து அமர்ந்துகொள்கின்றன. சுல்தான்கள் உண்டது என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் இனிப்பை இஃப்தார் விரிப்பில் வைப்பதே மார்க்கப் பற்றின் அடையாளம் என்று நம்மில் பலர் எண்ணத் தொடங்கியுள்ளனர். வீட்டில் காய்ச்சிய ஜவ்வரிசிப் பாயசமோ விருந்தினர் முன் வைக்கக் கூச்சப்படும் பண்டமாகிவிட்டது. இம்மனப்போக்கை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

துருக்கியர் நோன்பு மாதத்தில் பெரிதும் விரும்பி உண்ணும் 'குல்லாச்' எப்படிச் செய்யப்படுகிறது? மாவுச்சத்தைச் சிறிது கோதுமை மாவுடன் நீரில் கரைத்து, சூடான தட்டில் ஊற்றி, தாள் போன்ற மெல்லிய வட்டங்களாக எடுத்து உலர்த்துகின்றனர். பின்னர் சர்க்கரையிட்ட பாலில் அவற்றை நனைத்து, அடுக்கடுக்காக வைத்து, நடுவே அக்ரூட் பருப்பைத் தூவி, பன்னீர் தெளிக்கின்றனர். மேலே மாதுளை முத்துக்கள். ரோஜா உணவு என்னும் பொருள்படும் துருக்கிச் சொற்களிலிருந்தே அப்பெயர் பிறந்ததென்பர். உஸ்மானிய அரண்மனை விருந்துகளில் அது இடம்பெற்றது உண்மையே. எனினும் அதன் அடிப்படை, உலர்த்திச் சேமித்த மாவுச்சத்தும் பாலும்தான். தம் மண் தந்ததைக் கொண்டு அவர்கள் நோன்பு துறந்தார்கள், அவ்வளவே.

அந்த இரண்டும் நம் சேலம், நாமக்கல் சமவெளியில் இல்லையா? ஆத்தூரிலும் இராசிபுரத்திலும் குச்சிக்கிழங்கை அரைத்து, பாலெடுத்து, தொட்டியில் தெளியவைத்து, அடியில் படியும் மாவை மணிகளாக உருட்டி, வறுத்து, களத்தில் காயவைக்கின்றனர். இரண்டாம் உலகப் போரில் கீழை நாடுகளிலிருந்து வரத்து நின்றபோது இங்கே வேரூன்றிய தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குல்லாச்சுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறெங்கே இருக்கிறது? (நோன்புக் கஞ்சியிடம் எந்த நாட்டுச் சுல்தான் குடித்தது என்று எவரும் கேட்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.)

உண்மையில் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஜவ்வரிசி பளிச்சென்று வெண்மையாக இருந்தால்தான் வாங்குவோம் என்று நாம் அடம்பிடிப்பதால், சில ஆலைகள் இரசாயனம் இட்டு வெளுக்கின்றன. மலிவான மக்காச்சோள மாவையும் கலக்கின்றன. உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை சோதனையிட்டுப் பறிமுதல் செய்தும் இது ஓயவில்லை. துருக்கியரும் சோள மாவில் குல்லாச் செய்கின்றனர். ஆனால் அதைக் கிழங்கு மாவு என்று சொல்லி விற்பதில்லை. ஹலால் முத்திரையைத் தேடும் நம் கண்கள், தய்யிபான, அதாவது தூய்மையான உணவா என்பதை ஏன் தேடுவதில்லை? கலப்படம் செய்யாத ஆலைக்காரர் விலைபோகாமல் தவிப்பதில் நமக்கும் பங்குண்டு.

இஃப்தாருக்கு மூட்டைக் கணக்கில் சரக்கெடுக்கும் ஜமாஅத் நிர்வாகிகள், இவ்வாண்டு சற்றே மங்கலான, வெளுக்காத ஜவ்வரிசியைக் கேட்டு வாங்கட்டும். கடைக்காரர் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்கட்டும்.