பொதுக் கட்டடங்களில் உள்ளூர்க் கலைஞர்கள்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டிப் பகுதிக்கான நிலைப்பாட்டு அறிக்கை

1. நிலைப்பாடு

ஆட்சியர் அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், நூலகம், அரசு மருத்துவமனை, ரயில் நிலையம், சிப்காட் தொழிற்பேட்டை அலுவலகம் ஆகியவற்றின் முகப்புக் கூடங்களிலும் நடைவழிகளிலும் முற்றங்களிலும் உள்ளூர் ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகளைச் சுழற்சி முறையில் காட்சிக்கு வைப்பது பற்றியது இந்த அறிக்கை. திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில், அத்தகைய காட்சிகள் நிலையான ஏற்பாடாக வேண்டும் என்பது இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், காட்சிக் கட்டணம், பாதுகாப்பு, விற்பனை உரிமை ஆகிய நான்கும் அந்த ஏற்பாட்டின் அடிப்படை. இவை இல்லாமல் விழாவுக்கு விழா சுவரை நிரப்பும் காட்சிகளை அமைப்பு ஆதரிப்பதில்லை.

2. மாவட்டத்தின் நிலை

செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்தது திருவள்ளூர் மாவட்டம். கலைச் செல்வத்தில் இது பழைய நிலம். திருவாலங்காட்டில் கிடைத்த சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி இன்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் ஒளிப்படங்களைப் பார்த்துப் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் எழுதிய கட்டுரை 1921இல் வெளியானது. பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் செதுக்கு வேலை நிறைந்த கற்பலகைகள் நிற்கின்றன. அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்காலக் கருவிகளை அறிய வருவோருக்குப் பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது.

பழம்பொருளுக்கு இடம் கிடைத்த மாவட்டத்தில், இன்று வேலை செய்யும் கலைஞர் காட்சி வைக்கச் சென்னைக்குத்தான் போகிறார். கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியின் மண்டல மையம், ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலக் கலைஞர் கிராமம் ஆகியவையே அவருக்குத் தெரிந்த கூடங்கள். நான்கடிக்கு மூன்றடி கேன்வாஸைக் காலை நேரப் புறநகர் ரயிலில் ஏற்ற முடியாது. குட்டியானைச் சரக்கு வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டும். கருங்கல் சிற்பமானால் செலவு இன்னும் கூடும். இரண்டடி நீளம், அகலம், உயரம் கொண்ட கருங்கல் ஏறக்குறைய 600 கிலோ எடை இருக்கும். ஏற்றி இறக்கவே ஆளும் சங்கிலிக் கப்பியும் தேவை. தனியார் கேலரியில் விற்றாலும், விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கமிஷனாகக் கழிவது வழக்கம்.

உள்ளூர்க் கலைஞர் என்று இந்த அறிக்கை குறிப்பது கவின்கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்களை மட்டும் அல்ல. கோபுரங்களில் சுதை வேலை செய்வோர், ஃப்ளெக்ஸ் வந்தபின் தூரிகைத் தொழிலை இழந்த விளம்பரப் பலகை ஓவியர்கள், அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர்கள், பழவேற்காட்டுப் பகுதியில் பனையோலை முடைவோர், ஆலைகளில் வெல்டிங் வேலை பார்த்தபடி இரும்பில் உருவம் செய்வோர் ஆகிய எல்லோரும் இதில் அடங்குவர். மாவட்டத்தில் வசிப்பதோ வேலை செய்வதோ போதுமான தகுதி. ஆகவே கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழரும், வடமாநிலங்களிலிருந்து வந்து ஆலைகளில் உழைப்போரும் விண்ணப்பிக்கலாம்.

3. முன்மாதிரிகள்

பொதுக் கட்டடத்தில் கலைக்கு இடம் தருவது புதிய யோசனை அல்ல. பிரான்சில் 1951 முதல், கல்விக் கட்டடங்களில் தொடங்கி, கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்கும் முறை நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1959இல் இதே வகையான விதியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் டெல்லி ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலில் ராம்கிங்கர் பைஜ் வடித்த யட்சன், யட்சி சிலைகள் 1967இல் நிறைவு பெற்றன. யட்சி வேளாண் வளத்தைக் குறிக்கிறாள். தொழில் வளத்தைக் குறிக்கும் யட்சனின் கையில் பற்சக்கரம் இருக்கிறது. சென்னை மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர்.

இவை எல்லாம் நிரந்தரமாக நிறுவப்பட்டவை. ஒரு கலைஞருக்கு ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு. மாவட்டத்துக்குத் தேவை அதனினும் எளியது: மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும் காட்சி. நிரந்தரச் சிலைக்கு ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்குச் சுழற்சிக் காட்சி நடத்தலாம். பலருக்கும் இடம் கிடைக்கும். தேர்வில் பிழை நேர்ந்தாலும் மூன்று மாதத்தில் அது நீங்கிவிடும்.

4. ஒப்பந்தம் ஏன் தேவை

டெல்லி விஞ்ஞான் பவனின் சுவருக்காக அமர்நாத் சேகல் என்ற சிற்பியிடம் 1957இல் வெண்கலச் சுவர்ச் சிற்பம் கேட்கப்பட்டது. ஏறத்தாழ 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட அந்தப் படைப்பு 1962இல் முடிந்தது. 1979இல் கட்டடப் புதுப்பிப்பின்போது சிற்பியைக் கேட்காமலே அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், பகுதிகள் சேதமடைந்தன. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 57ஆம் பிரிவு, படைப்பு விற்கப்பட்ட பிறகும் அதன் சிதைப்பை எதிர்க்கும் உரிமையைப் படைத்தவருக்கே தருகிறது. அதன் அடிப்படையில் டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல், எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் திருப்பித் தரவும் 5 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கவும் தீர்ப்பளித்தது.

தலைநகரின் பெருங்கட்டடத்திலேயே இது நடந்ததென்றால், ஒன்றிய அலுவலகத்தின் நடைவழியில் மாட்டிய படத்துக்கு என்ன நேரும் என்பதை ஊகிக்கலாம். வெள்ளையடிக்க வரும் நாளில் படம் யார் பொறுப்பில் கழற்றப்படும், எந்த அறையில் வைக்கப்படும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கட்டணமும் அப்படியே. கனடாவில் 1988இல் பதிப்புரிமைச் சட்டத்தில் காட்சி உரிமை சேர்க்கப்பட்டது. விற்பனைக்கோ வாடகைக்கோ அல்லாமல் பொதுக்காட்சிக்கு வைக்கும் படைப்புக்குக் கலைஞர் கட்டணம் கேட்க அது வழி செய்கிறது. இந்தியச் சட்டம் அப்படி ஓர் உரிமையைத் தனித்துப் பெயர் சொல்லித் தரவில்லை. அதனால் இங்கே ஒப்பந்தமே கலைஞருக்குக் காப்பு.

5. அமைப்பு முன்வைக்கும் நிபந்தனைகள்

அ) தேர்வுக் குழு. ஓர் ஓவியர், ஒரு சிற்பி, ஓர் ஓவிய ஆசிரியர், கட்டடப் பொறுப்பு அலுவலர், பொதுமக்களில் ஒருவர் என ஐவர். விண்ணப்ப அழைப்பு அறிவிப்புப் பலகையிலும் நூலகங்களிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஏற்க மறுத்தால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும்.

ஆ) கட்டணம். காட்சிக் காலத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகை, போக்குவரத்துச் செலவு, பொருத்தும் கூலி ஆகியவற்றை நடத்தும் துறை ஏற்க வேண்டும். சான்றிதழும் பொன்னாடையும் கட்டணத்துக்கு மாற்று அல்ல.

இ) விற்பனை. படத்தின் கீழே தலைப்பு, பெயர், ஊடகம், ஆண்டு, விலை இருக்கலாம். விற்றால் முழுத் தொகையும் கலைஞருக்கே. அலுவலகத்துக்கு இலவச நன்கொடையாகப் படைப்பைக் கேட்கக் கூடாது.

ஈ) பாதுகாப்பு. மேற்கு வெயில் விழும் சுவரில் நீர்வண்ணப் படம் மாட்டக் கூடாது. காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியே அருங்காட்சியகங்கள் பின்பற்றும் வரம்பு. ஒவ்வொரு காட்சிக்கும் புது ஆணி அடிப்பதற்குப் பதில், பொதுப்பணித் துறை ஒரே முறை தொங்கு கம்பி பொருத்தினால் சுவர் கெடாது. பழவேற்காடு, மீஞ்சூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருவேறும். வெளி முற்றத்தில் வைக்கும் இரும்புச் சிற்பத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு கட்டாயம். சிற்பப் பீடத்தின் எடை தாங்கும் திறனைப் பொறியாளர் சான்றளிக்க வேண்டும். காட்சிக்காலம் முழுவதற்கும் காப்பீடு வேண்டும்.

உ) மறைக்காமை. வரவேற்புப் பலகை, பீரோ, பழைய கோப்புக் கட்டு எதுவும் படைப்பின் முன் நிற்கக் கூடாது. அலுவலக வேலை இல்லாத பார்வையாளரும் உள்ளே வந்து பார்க்க அனுமதி வேண்டும். மாதத்தில் ஒரு விடுமுறை நாளாவது கூடம் திறந்திருக்க வேண்டும், ஆலைத் தொழிலாளருக்கு வேறு நாள் ஒழியாது.

6. தொழிற்பேட்டையின் பங்கு

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும், கம்பி உருட்டும் ஆலைகள் பல உள்ளன. சிற்பிக்கு வேண்டிய கழிவு இரும்பு, வெட்டும் எந்திரம், கிரேன், வெல்டர் ஆகிய எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். 1962இல் இத்தாலியின் வோல்ட்ரியில், மூடப்பட்டிருந்த உருக்காலை ஒன்றில் அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்துக்கு இடமும் தொழிலாளர் துணையும் தரப்பட்டன. 30 நாளில் 27 சிற்பங்கள் உருவாயின; அவை ஸ்பொலெட்டோ நகரத் திறந்தவெளியில் காட்சிக்கு வந்தன. தமிழ்நாட்டிலும் உலோகத் தகட்டில் வேலை செய்யும் மரபு வலுவானது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் தோன்றிய சோழமண்டலத்தில் பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டியும், எஸ். நந்தகோபால் உலோகத்தைப் பற்றவைத்தும் தமக்கென ஒரு பாணியை உருவாக்கினார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, ஆலை ஒன்றின் பணிமனையில் சிற்பிகளுக்கு இரண்டு வார முகாம் நடத்தி, அங்கே உருவாகும் படைப்புகளை சிப்காட் சாலைச் சந்திப்புகளிலும் அலுவலக முற்றங்களிலும் வைக்கலாம் என்பது அமைப்பின் பரிந்துரை. உதவிய வெல்டரின் பெயரும் சிற்பியின் பெயரோடு பலகையில் இடம்பெற வேண்டும்.

7. நிதி

கம்பெனிச் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவின் கீழ் வரும் நிறுவனங்கள், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கலை, பண்பாட்டைப் பேணுவதும் பொது நூலகம் அமைப்பதும் மரபுக் கலைகளை வளர்ப்பதும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளன. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. ஆகவே ஆலைகள் பங்களிக்கச் சட்டத் தடை இல்லை. நிதி தரும் நிறுவனத்துக்குத் தேர்வில் பங்கு கிடையாது. பெயர் ஒரு சிறு பலகையில் போதும். மாநிலக் கலை பண்பாட்டுத் துறையின் ஓவிய நுண்கலைக் குழு தேர்வுக்கும் பயிற்சிக்கும் வழிகாட்டலாம்.

8. எதிர்வாதங்கள்

அலுவலகம் மக்கள் பணிக்கான இடம், கலைக்கூடம் அல்ல என்பது ஒரு வாதம். சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் காத்திருக்கும் மக்கள் எதிரில் இருப்பது பெரும்பாலும் வெற்றுச் சுவரே. அதைப் பயன்படுத்துவதால் எந்தப் பணியும் தடைபடாது. சர்ச்சைக்குரிய படைப்புகள் வந்துவிடும் என்பது மற்றொன்று. குழந்தைகளும் நோயாளிகளும் வந்துபோகும் இடம் என்பதைக் கருதித் தேர்வுக் குழு முடிவெடுக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்து மாட்டியதைத் தனியொரு அலுவலர் வாய்மொழியாகச் சொல்லிக் கழற்றக் கூடாது. தரம் குறையும் என்போருக்கு, தரம் வளரக் காட்சி வேண்டும் என்பதே விடை.

தொடக்கமாக, திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகம், கும்மிடிப்பூண்டியில் ஒரு நூலகம், பொன்னேரியில் ஓர் அரசு மருத்துவமனை ஆகிய மூன்று இடங்களில் ஓராண்டு முன்னோட்டம் நடத்தலாம். எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்குக் கட்டணம் போய்ச் சேர்ந்தது, எத்தனை படைப்புகள் விற்றன, எவை சேதமடைந்தன என்ற கணக்கை ஆண்டு முடிவில் பொதுவில் வெளியிட்டு, அதைப் பார்த்தே பிற கட்டடங்களுக்கு விரிவாக்க வேண்டும்.