ஆவாரையும் அதன் உறவினமும்

 

திருமறையின் ஆறாவது அத்தியாயமான அல் அன்ஆமின் 99ஆம் வசனத்தை நீங்கள் ஓதியிருப்பீர்கள். ஒலிவமும் மாதுளையும் ஒன்றையொன்று ஒத்தும் ஒவ்வாமலும் இருப்பதைச் சுட்டும் வல்ல இறைவன், அவை காய்ப்பதையும் கனிவதையும் உற்று நோக்குமாறு அங்கே நம்மைப் பணிக்கின்றான். ஒத்த தோற்றமுடைய செடிகளை இனம் பிரித்து அறிய முற்படும்போதெல்லாம் இவ்வசனம் நினைவுக்கு வருகின்றது. இம்மாதம் நாம் காணவிருக்கும் செடிகளிலும் மலர் நம்மை மயக்கும். காயே உண்மையைச் சொல்லும்.

மானாவாரி நிலங்களிலும் சாலையோரங்களிலும் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையை அறியாதார் இலர். அதன் பூவை நிழலில் உலர்த்திக் குடிநீராகக் காய்ச்சுகின்றோம். குளியல் மாவில் சேர்க்கின்றோம். அதன் பட்டையோ வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் நம் சமுதாயத்தார் பலருக்கு வாழ்வளித்த தோல் பதனிடும் தொழிலில் நெடுங்காலம் பயன்பட்டது. ஆவாரை பூத்த ஊரில் சாவுக்கு இடமில்லை என்னும் கருத்தில் ஒரு முதுமொழியும் நம்மிடையே வழங்குகின்றது.

ஆனால், அதன் நெருங்கிய உறவான மற்றொரு செடி பல பிஞ்சு உயிர்களைப் பறித்திருக்கின்றது என்பதை அறிவீர்களா?

மேற்கு உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்களில் குளிர்காலம் நெருங்கும் வேளைகளில், நன்கு விளையாடிக்கொண்டிருந்த சிறு குழந்தைகள் திடீரென வாந்தியெடுத்து, நினைவிழந்து, ஓரிரு நாள்களில் மாண்டனர். ஏதோ கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் என்றே பல ஆண்டுகள் எண்ணப்பட்டது. 2007ஆம் ஆண்டு வெளியான மருத்துவ ஆய்வு உண்மையைக் காட்டியது. வீட்டைச் சுற்றிக் களையாக வளர்ந்த பேயாவாரையின் விதைகளைக் குழந்தைகள் தின்றிருந்தனர். அந்நஞ்சு ஈரலையும் தசையையும் மூளையையும் ஒருங்கே தாக்கியிருந்தது. 2016இல் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் குழந்தைகள் பலர் இறந்தபோதும், மூளைக்காய்ச்சலோடு இச்செடியின் மீதும் வல்லுநர்கள் ஐயங்கொண்டனர்.

இதே செடிக்குப் பொன்னாவாரை என்றும் பெயருண்டு. பெயரில் பொன் இருப்பதால் நல்லது என்று கருதிவிடுவது எத்தனை எளிது! ஆகவே அடையாளங்களை மனத்தில் இருத்துங்கள்.

ஆவாரை: சிற்றிலைகள் சிறியவை, ஓர் ஈர்க்கில் 8 முதல் 12 இணை வரை இருக்கும். நுனி மழுங்கியிருக்கும். ஒவ்வோர் இணைக்கும் நடுவே சிறு சுரப்பி ஒன்று நிற்கும். ஈர்க்கின் அடியில் காதுமடல் போன்ற செதில்கள் உண்டு. காய் தட்டையானது, காகிதம்போல் மெல்லியது. விதை இருக்குமிடம் மேடிட்டுத் தெரியும்.

பேயாவாரை: சிற்றிலைகள் பெரியவை; பெரும்பாலும் 4 முதல் 6 இணைகளே. நுனி கூராக இருக்கும். காம்பின் அடியில் மட்டும் ஒரே சுரப்பி காணப்படும். இலையைக் கசக்கினால் கெட்ட வாடை வீசும். காய் ஒடுக்கமாய், சற்றே வளைந்து மேல்நோக்கி நிற்கும். ஓரம் வெளிறி, நடுப்பகுதி பழுப்பாகத் தோன்றும்.

ஊசித்தகரை: மூன்றே இணை; சிற்றிலையின் நுனி அகன்று உருண்டிருக்கும். காய் ஊசிபோல் நீண்டு மெலிந்தது.

நிலாவாரை: இதுவே அரபு மொழியில் 'ஸனா' எனப்படுவது. இதைப் பற்றிய நபிமொழி திர்மிதீ, இப்னுமாஜா தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. அரபு மண்ணுக்குரிய இச்செடி நம் திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, அவ்வூர்ப் பெயராலேயே உலக மருந்துச் சந்தையில் அறியப்படுகின்றது. சிற்றிலைகள் ஈட்டிமுனை போன்றவை. அவற்றிடையே சுரப்பி இராது. காய் அகன்று தட்டையாக இருக்கும். இதன் இலை பேதி மருந்து. எனவே ஆவாரை இலையென்று இதையோ, இதுவென்று வேறொன்றையோ கொள்ளலாகாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேளாமல் இதனைக் கொடுக்கவும் கூடாது.

தாய்மார்களே! வீட்டுக் கொல்லையிலும் பள்ளிவாசல், மதரஸா சுற்றுப்புறங்களிலும் பேயாவாரை முளைத்திருந்தால், காய் முற்றுமுன் வேரோடு பிடுங்கிவிடுங்கள். முற்றிய நெற்றைக் கிலுகிலுப்பையாக எண்ணிக் குழந்தைகள் கையிலெடுப்பார்கள். எந்தக் காட்டு விதையையும் வாயில் இடலாகாது என்று அவர்களுக்குப் பழக்குங்கள். அறியாத காயைத் தின்ற குழந்தை வாந்தியெடுத்தாலோ, சோர்ந்தாலோ, பிதற்றினாலோ, கைவைத்தியம் பார்த்துப் பொழுதைப் போக்காதீர்கள். அச்செடியின் ஒரு கிளையை உடன் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். மருத்துவர் நோயை அறிய அந்தக் கிளை பெரிதும் உதவும்.

வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் நற்செயலாகக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. ஒரு குழந்தையின் கை எட்டும் தூரத்தில் நிற்கும் நஞ்சை அகற்றுவதும் அந்த நற்செயலின் பாற்பட்டதன்றோ?

இன்றே உங்கள் கொல்லையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அல்லாஹ் நம் மழலைகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.