ஜுரத்துக்கு இன்று எத்தனையாவது நாள்?

ஜுரம் வந்தால் நம் வீடுகளில் ஒரு கிரமம் உண்டு. முதல் நாள் மிளகுக் கஷாயம். இரண்டாம் நாள் கஞ்சியும் மாத்திரையும். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை. மாலையில் ஒரு காகிதம் வருகிறது. அதில் 'பாஸிடிவ்' என்று இருந்தால், "அப்பாடா, இன்ன வியாதி என்று தெரிந்துவிட்டது!" என்று ஒரு நிம்மதி. 'நெகடிவ்' என்று இருந்தால், "அப்பாடா, ஒன்றும் இல்லை!" என்று அதைவிடப் பெரிய நிம்மதி.

இந்த இரண்டு நிம்மதிகளும் பொய்யாகப் போகக்கூடும். சில சமயம் உயிருக்கே உலை வைத்துவிடவும் கூடும். அது எப்படி என்று பார்ப்பதற்கு நேயர்கள் என்னுடன் கீரிப்பாறை வரை வரவேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி வழியாகத் தடிக்காரன்கோணம் தாண்டிப் போனால், வயல்கள் பின்வாங்கிவிடுகின்றன. மலை முன்னே வந்து நிற்கிறது. அங்கேதான் கீரிப்பாறை. காளிகேசம் போகிறவர்கள் இந்த ஊரைக் கடந்துதான் போகவேண்டும். சுற்றிலும் ரப்பர் மரங்கள். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் புறப்படுகிறார்கள். மரப்பட்டையைச் சீவி, பால் சொட்டும் இடத்தில் சிரட்டையை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடக்கிறார்கள். காலடியில் ஈரப்புல்லும் புதரும் சருகும்.

இப்படி ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருக்குக் காய்ச்சல். மனைவி சொல்கிறாள்:

"கேட்டியளா, மேலு தீயாக் கொதிக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மழையில நனைஞ்ச காய்ச்சல் பிள்ளே. ஒரு ஊசி போட்டாச் சரியாப் போகும்."

மூன்றாம் நாள் ரத்தம் எடுக்கிறார்கள். வைடால் பரிசோதனை; பாஸிடிவ். டைபாய்டு என்று முடிவாகி, ஊசி ஆரம்பமாகிறது. ஏழாம் நாளும் ஜுரம் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்குகிறது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கச் சொன்னால், அக்குளில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு! வலி இல்லை, அரிப்பு இல்லை. ஆகவே அவரும் கவனிக்கவில்லை, மற்றவர்களும் பார்க்கவில்லை.

கதை கற்பனை, ஆனால் வியாதி கற்பனை அல்ல. அதன் பெயர் ஸ்கிரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் செள்ளுப்பனி என்கிறார்கள். மாட்டின் மேல் ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பெரிய உண்ணி அல்ல இது. புதரில் வாழும் ஒரு சிறு பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அது கடித்துக் கிருமி உள்ளே போய், சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஜுரம் வருகிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மாக் காடுகளில் சிப்பாய்களைப் படுக்கையில் தள்ளியது இந்த ஜுரந்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், இதற்கு மருந்து உண்டு. விலையும் அதிகம் அல்ல. டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரையை முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டால், பெரும்பாலும் இரண்டே நாளில் ஜுரம் இறங்கிவிடுகிறது. கெட்ட செய்தி என்னவென்றால், டைபாய்டுக்குப் போடும் ஊசிகளில் பல இந்தக் கிருமியைத் தொடுவதேயில்லை. நாள் தள்ளிப்போனால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துவிடும்.

அப்படியானால் நம்பத் தகுந்த பரிசோதனை எது? கடையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வைல்-ஃபெலிக்ஸ் பரிசோதனை. வயதில் மூத்தது. எட்மண்ட் வைல், ஆர்தர் ஃபெலிக்ஸ் என்ற இருவர் 1916-ம் வருஷம் கண்டுபிடித்தது. டைபஸ் நோயாளியின் ரத்த நீர், வேறொரு கிருமியான புரோட்டியஸைக் கட்டிகட்டியாகச் சேரவைப்பதை அவர்கள் கண்டார்கள். வைல் பிறகு 1922-ல் ஆராய்ச்சியின்போதே டைபஸ் தொற்றி இறந்துபோனார். மகத்தான தியாகந்தான், ஆனால் பரிசோதனையின் குறையை அது மறைக்காது. திருடனைப் பிடிப்பதற்கு அவனுடைய சித்தப்பா மகனின் படத்தைக் காட்டி, "இவனைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்பது போன்றது இந்தப் பரிசோதனை. நோய் இருக்கும்போதே 'இல்லை' என்று பலமுறை சொல்லிவிடும். வேறு வசதியே இல்லாத இடத்தில் ஒரு துணை, அவ்வளவுதான்.

இரண்டாவது, எலிஸா. நம் உடல் இந்தக் கிருமியை எதிர்ப்பதற்காகத் தயாரிக்கும் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளை அது தேடுகிறது. இன்று பெரிய ஆஸ்பத்திரிகள் அதிகமாக நம்புவது இதைத்தான். ஆனால் எதிர்ப்பொருள் உடலில் உண்டாக ஐந்து முதல் ஏழு நாள் வரை ஆகும். மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துவிட்டு, "எலிஸாவே இல்லை என்று சொல்லிவிட்டது" என்றால், பரிசோதனை பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட நேரம் தப்பு. விதைத்த மறுநாளே அறுக்கப் போனால் வயலில் என்ன இருக்கும்?

இன்னொரு பக்கமும் உண்டு. ஐ.ஜி.எம். ஜுரம் விட்ட பிறகும் சில மாதம் ரத்தத்தில் தங்கியிருக்கலாம். போன கார்த்திகையில் வந்துபோன காய்ச்சலின் சுவடு, மாசியில் வந்த வேறு காய்ச்சலுக்குச் சாட்சி சொல்லக்கூடும். அதனால்தான் சந்தேகமான இடத்தில் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது, பி.சி.ஆர். இது கிருமியின் மரபுப்பொருளையே தேடுவது. முதல் வாரத்தில், மருந்து ஆரம்பிக்கும் முன் எடுத்த ரத்தத்தில் நன்றாக வேலை செய்யும். ரத்தத்தைவிடச் சிறந்தது அந்தக் கறுத்த பொருக்கு! அதில் ஒரு துணுக்கை எடுத்து அனுப்பினால் போதும். ஆனால் இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை.

ஆகவே மூன்றாம் நாளுக்கு ஒரு பரிசோதனை, எட்டாம் நாளுக்கு வேறு பரிசோதனை. "எது நல்லது?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாகும். "இன்றைக்கு எது நல்லது?" என்பதே முழுக் கேள்வி.

வைடால் பாஸிடிவ் என்று வந்ததே, அது என்ன? 1896-ல் ஃபெர்னான் வைடால் என்ற பிரெஞ்சு டாக்டர் வகுத்த பரிசோதனை அது. முன்பு எப்போதோ வந்த டைபாய்டு, போட்டுக்கொண்ட தடுப்பூசி, வேறு சில ஜுரங்கள் எல்லாமே அதைப் பாஸிடிவ் ஆக்கிவிடலாம். ஒரே ஒரு வைடால் காகிதத்தைக் கொண்டு டைபாய்டு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதே மேல்.

இது நம் ஊர்க் கஷ்டம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில் லைம் என்று ஓர் ஊர். 1975-ம் வருஷம் அங்கே குழந்தைகளுக்கு வரிசையாக மூட்டு வீக்கம் வந்ததைத் தாய்மார்கள் கவனித்து, டாக்டர்களைத் துளைத்தெடுத்தார்கள். உண்ணி கடித்து வரும் நோய் அது என்று தெரியவந்தது. ஊர்ப் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. கிருமியை 1980-களின் ஆரம்பத்தில் வில்லி பர்க்டார்ஃபர் கண்டுபிடித்தார். அங்கும் இதே சங்கடந்தான். முதல் சில வாரங்களில் பரிசோதனை பெரும்பாலும் 'இல்லை' என்றே சொல்லும். ஆகவே தோலில் வட்டமாகப் படரும் அந்தச் சிவப்புத் தடிப்பைக் கண்டவுடன், பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து கொடுக்கிறார்கள். பிற்பாடு பரிசோதிக்கும்போது ஒன்றுக்கு இரண்டாகச் செய்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் பாஸிடிவ் என்கிறார்கள். 1995 முதல் அங்கே இதுதான் வழக்கம்.

"அப்படியானால் லைமுக்கும் சேர்த்து எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டால் என்ன?" என்று வசதியுள்ள நேயர்கள் கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஜுரக்காரர்கள் 1000 பேர். அவர்களில் ஒரு குறிப்பிட்ட நோய் உண்மையில் 10 பேருக்கு. நோய் இல்லாத 100 பேரில் 95 பேரை 'இல்லை' என்று சரியாகச் சொல்லும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. நல்ல பரிசோதனைதானே? நோய் இல்லாதவர்கள் 990 பேர். அவர்களில் ஏறக்குறைய 50 பேருக்குப் பாஸிடிவ் என்று வந்துவிடும். உண்மை நோயாளிகள் பத்துப் பேரும் அகப்பட்டாலும், 60 பாஸிடிவ் காகிதங்களில் 50 பொய்! ஓர் ஊரில் அபூர்வமான நோயைத் தேடிப் போனால் கிடைப்பது பெரும்பாலும் வீண் பயந்தான்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

டாக்டரிடம் ஜுரம் ஆரம்பித்த தேதியைச் சொல்லுங்கள். பால்வெட்டு, காடு, புதர், வயல், காளிகேசம் போய்வந்த உல்லாசப் பயணம், எதுவானாலும் கடந்த மூன்று வாரத்தில் போன இடத்தைச் சொல்லுங்கள். ரப்பர்த் தோட்டத்தில் எலிக்காய்ச்சலும் வரும். அந்தச் சந்தேகத்தையும் டாக்டர்தான் தீர்க்க வேண்டும்.

உடம்பு முழுவதும் பொருக்கைத் தேடுங்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், அரைஞாண் இறுகும் இடம், காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். பெண்கள் வெட்கப்பட்டு இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். வீட்டில் தாயோ சகோதரியோ பார்க்கலாம்; ஆஸ்பத்திரியில் நர்ஸைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. ஆனால் இருந்தால், அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

ஆய்வுக்கூடத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். பரிசோதனையின் முறை என்ன: வைல்-ஃபெலிக்ஸா, எலிஸாவா? இங்கேயே செய்கிறீர்களா, வெளியூருக்கு அனுப்புகிறீர்களா. முடிவு எப்போது வரும்? என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா? நல்ல ஆய்வுக்கூடத்தார் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் பலமாக இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையை ஆரம்பிக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. ஆனால் அந்தத் தீர்மானம் டாக்டருடையது. மருந்துக் கடைக்காரருடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ அல்ல. கர்ப்பிணிகளுக்கு மருந்தே வேறு.

வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதல்லவா? அடுத்த முறை யாருக்காவது உடம்பு சுட்டால், அந்தத் தாளை அன்று கிழித்து எறிந்துவிடாதீர்கள். அதன் மேல் 'ஜுரம்' என்று எழுதி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அந்தத் துண்டுக் காகிதமும் ஒரு பரிசோதனைதான்; அதற்குக் கட்டணம் கிடையாது.