ஒட்டுத்துணிப் போர்வைக்கு வெட்கம் எதற்கு?

பாகான் நக்கோடா ஓமாரில் உள்ள என் பாட்டி வீட்டில் ஒரு மிதி தையல் இயந்திரம் இன்றும் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், பாட்டி அதைத் தவணை முறையில் வாங்கினார். தாத்தாவின் வேலைச் சட்டை, அம்மாவின் பள்ளிச் சீருடை, நைந்த சேலை, கைலி என எல்லாவற்றையும் வெட்டி இணைத்து அதில் போர்வை தைத்தார். சிறு வயதில், நண்பர்கள் வீட்டிற்கு வந்தால் நான் அந்தப் போர்வையை அலமாரிக்குள் ஒளித்து வைப்பேன். நம்மை ஏழை என்று எண்ணிவிடுவார்களே என்னும் வெட்கம்தான் காரணம். அந்த வெட்கம் தவறானது என்பதே இன்று என் கருத்து.

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதற்குத் திறமை வேண்டும். புதுத் துணியும் பழைய துணியும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆகவே, துணிகளை முதலில் துவைத்துக் காயவைக்க வேண்டும். பாட்டி, அட்டையில் வெட்டிய சதுரத்தை அளவாக வைத்துத் துண்டுகளை வெட்டுவார். ஓரத்தில் கால் அங்குலம் விட்டு இணைப்பார். அந்த அளவு சற்றுப் பிசகினாலும் வரிசை கோணிவிடும். பின்னர், மேலே இணைத்த துணி, நடுவில் பழைய சேலை, அடியில் ஒரே துணி என மூன்று அடுக்குகளையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைப்பார். அப்போதுதான் சுருக்கம் விழாது. அதிகம் படிக்காத பாட்டி, இவ்வளவு கணக்கையும் கையாலும் காலாலுமே போட்டார்.

இத்தகைய உழைப்பை உலகம் மதித்திருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர் அங்கு வாழ்கின்றனர். அவ்வூர்ப் பெண்கள் குளிரைத் தாங்குவதற்காக, நைந்த வேலையுடைகளை இணைத்துப் போர்வைகள் தைத்தனர். அவற்றை 2002ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள விட்னி அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. 2006ஆம் ஆண்டில் அவை அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன.

நமக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. 1942ஆம் ஆண்டில், ஜப்பானியர் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைத்த பெண்கள், சதுரத் துணிகளில் தங்கள் பெயர்களைப் பூத்தையலால் பொறித்தனர். 66 சதுரங்களை இணைத்து ஒரு போர்வையாக்கினர். தாங்கள் உயிரோடிருப்பதைத் தனியே சிறைப்பட்டிருந்த கணவன்மார் அறிய வேண்டும் என்பதே அவர்களின் எண்ணம். துண்டுத் துணியும் செய்தி சொல்லும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

"இரவுச் சந்தையில் குறைந்த விலைக்குப் போர்வை கிடைக்கிறதே, நாள் கணக்கில் உட்கார்ந்து தைக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். விலையை மட்டும் பார்த்தால், அக்கேள்வி நியாயமானதே. ஆனால், நாம் வீசும் துணிகள் குப்பைமேட்டிற்குத்தான் போகின்றன. பாலியெஸ்டர் துணி எளிதில் மட்குவதும் இல்லை. மேலும், கடையில் வாங்கிய போர்வையில் என் தாத்தாவின் சட்டை இருக்காது. தாத்தா இப்போது இல்லை. பால் கறை படிந்த அந்த நீலத்துண்டுதான் அவரைத் தொட்டுப் பார்க்க எங்களுக்கு எஞ்சியிருக்கிறது.

எனவே, பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கைகளில் தையலுக்கும் இடமளிக்கலாம். ஆண், பெண் இருபாலரும் இதைக் கற்க வேண்டும். கிழிந்ததைத் தைக்கத் தெரிவது அனைவருக்கும் உதவும். உங்கள் வீட்டிலும் பழைய தையல் இயந்திரம் இருக்கலாம். அதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன், அதை மிதித்தவரின் அருகில் ஒரு நாள் அமருங்கள். அவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் போர்வை இப்போது அலமாரிக்குள் இல்லை. விருந்தினர் அமரும் நாற்காலியின் மேல் விரிந்திருக்கிறது.